இடமும் முயற்சியும்: மோட்டார் வண்டியில் இன்னொலி அமைக்கும் முறை

தோற்றுவாய்

எழுத்துக்களின் பிறப்பைக் கூறப் புகுந்த தொல்காப்பியனார், உந்தியிலிருந்து எழுகின்ற காற்றானது தலை, மிடறு, நெஞ்சு என்னும் இடங்களில் நிலைபெற்று, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் ஆகிய உறுப்புக்களின் தொழிலால் வெவ்வேறு ஒலியாகப் புலப்படும் எனப் பிறப்பியலிற் காட்டினார். பின்வந்தோர் இதனை இடப்பிறப்பு, முயற்சிப்பிறப்பு என இரண்டாகப் பகுத்துக் கற்பித்தனர். காற்று ஒன்றே, இடமும் முயற்சியும் வேறுபட ஒலியும் வேறுபடுகின்றது.

தமிழாசிரியர் மோட்டார் வண்டியின் ஒலிபெருக்கியைப் பற்றி எழுதுவதற்கு என்ன இயைபு உண்டு என வினவுவோர்க்கு மேற்கூறிய விதியே விடையாகும். மாந்தர் மிடற்றுக்குப் பொருந்திய விதி பொறியின் ஒலிக்கும் பொருந்தும். இக்காலத்தில் நம் மாணவரும் பழைய மாணவருமாகிய இளைஞர் பலர் தம் வண்டியிற் பூட்டும் பாட்டுச் செற்றுக்காகப் பெரும்பணம் செலவிடுகின்றனர். கடல் கடந்து வாழ்வோர் விலையுயர்ந்த ஒலிபெருக்கிகளை உறவினர்க்கு அனுப்பிவைத்தலும் உண்டு. பொருள் உயர்ந்தும் ஒலி உயராமை கண்டு சலிப்பாரும் உளர். முயற்சிக்குப் பணம் கொடுத்து இடத்தை மறந்தமையே அதற்குப் பெரும்பாலும் காரணமாகும். இக்கருத்தை முறையாக விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கம்.

ஒலிபெருக்கியின் உறுப்புக்கள்

வண்டியின் கதவினுள் இருக்கும் ஒலிபெருக்கியைக் கழற்றிப் பார்ப்பின் சில உறுப்புக்களே தோன்றும். பின்புறத்தே ஒரு நிலைக்காந்தம். அதன் இடுக்கில் மெல்லிய செப்புக் கம்பிச் சுருள். சுருளோடு ஒட்டிய கூம்பு. கூம்பின் விளிம்பைச் சட்டத்தோடு இணைக்கும் இரப்பர் வளையம். சுருளை நடுவிற் பிடித்து நிறுத்தும் மடிப்புத் துணி. சுருளினூடு மாறுகின்ற மின்னோட்டம் பாயும்போது காந்தப் புலம் அதனை முன்னும் பின்னும் தள்ளும். கூம்பு அவ்வாறே அசைந்து காற்றை அசைக்கும். இவ்வசைவே முயற்சிப்பிறப்பு எனலாம்.

செக்கனுக்கு 20 முதல் 20,000 வரையான அதிர்வுகளையே மக்கட்செவி உணரும். இம்மீடிறன்களை ஹேட்ஸ் என்னும் அலகால் அளப்பர். நம் நாட்டு வெயிலில், 30 பாகை செல்சியசு வெப்பத்தில், ஒலி செக்கனுக்கு ஏறக்குறைய 349 மீற்றர் செல்லும். ஆகவே 20 ஹேட்ஸ் ஒலியின் அலைநீளம் 17 மீற்றருக்குச் சற்று மேற்படும். 20,000 ஹேட்ஸ் ஒலியின் அலைநீளமோ 2 சதமமீற்றரும் இல்லை. யானையும் எறும்பும் போன்ற இவ்விரண்டையும் ஒரே கூம்பு செவ்வனே பிறப்பித்தல் அரிது. அதனாலேயே தாழ்ந்த ஒலிக்குச் சப்வூபரும், இடைப்பட்ட ஒலிக்குக் கதவிலுள்ள வூபரும், உயர்ந்த ஒலிக்கு ருவீற்றரும் எனத் தொழிலைப் பகுத்தனர்.

வளர்ந்த வரலாறு

அசையும் சுருளும் கூம்பும் கொண்ட இன்றைய ஒலிபெருக்கியின் அமைப்பை 1925ஆம் ஆண்டில் அமெரிக்க ஜெனரல் இலெக்ரிக் நிறுவனத்து ஆய்வாளரான செஸ்ரர் றைஸ், எட்வேட் கெலொக் என்னும் இருவர் விளக்கி வெளியிட்டனர். ஐந்தாண்டு கழித்து, 1930இல், சிக்காகோ நகரத்துக் கல்வின் சகோதரர் மோட்டரோலா என்னும் பெயருடன் வண்டிக்குரிய றேடியோவை விற்கத் தொடங்கினர். அந்நாளில் வண்டியிற் பாட்டுக் கேட்டலே வியப்பாயிருந்தது. நன்றாகக் கேட்டல் பிற்காலத்து ஆசையாம்.

ஒலிபெருக்கிப் பெட்டியைக் கணக்கிட்டு அமைக்கும் வழியை அவுஸ்திரேலிய அறிஞர் நெவில் தீல் 1961இல் எழுதிய கட்டுரையிற் காட்டினார். சிட்னிப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ந்த றிச்சட் ஸ்மோல் 1970களின் தொடக்கத்தில் அதனை விரித்தார். இன்று எவ்வொலிபெருக்கியின் விவரத்தாளிலும் காணப்படும் எண்கள் இவ்விருவர் பெயராலேயே வழங்குகின்றன.

வண்டியின் உள்ளிடத்தையே முதன்மையாகக் கொண்டு ஒலியமைக்கும் முறையிற் பெயர் பெற்றவர் அமர் போஸ் என்பவர். வங்காளத்திலிருந்து அமெரிக்கா சென்ற ஒருவரின் மைந்தராய் 1929இற் பிறந்து, மசாசூசெற்ஸ் தொழினுட்ப நிறுவகத்திற் பேராசிரியராய் விளங்கி, 2013இல் மறைந்தவர். அவர் நிறுவிய கம்பனியும் ஜெனரல் மோட்டர்சும் சேர்ந்து ஆக்கிய அமைப்பு, 1983ஆம் ஆண்டு மாதிரியான காடிலாக் செவில் முதலிய வண்டிகளில் வெளிவந்தது. கடையில் விற்கும் ஒலிபெருக்கியை எவ்வண்டியிலாயினும் பொருத்துதலே அதற்கு முன் வழக்கம். இவரோ வண்டியின் வடிவம், இருக்கை, கண்ணாடி ஆகியவற்றை முதலில் ஆராய்ந்து, அவ்வம் மாதிரிக்கு ஏற்பவே ஒலிபெருக்கியையும் அம்பிளிபயரையும் அமைத்தார். இடத்தை அறிந்து முயற்சியை அமைத்தல் என்பது இதுவேயாம்.

ஆய்வுகூடத்தில் உருவாகும் முறை

உயர்தர ஒலிபெருக்கியை ஆக்குவோர் மூன்று குணங்களைக் கூம்பில் தேடுவர்: எடை குறைதல், விறைப்பு மிகுதல், தானே முழங்காது அடங்குதல். இம்மூன்றும் ஒரு பொருளில் எளிதிற் சேரா. கடதாசி எடை குறைந்தது, நன்கு அடங்குவது. ஆயினும் ஈரம் பட்டால் தளரும். ஆதலின் மேற்பூச்சு வேண்டும். பொலிபுறொப்பிலீன் ஈரத்துக்கு அஞ்சாது, விறைப்பிற் குறைந்தது. அலுமினியம் விறைப்பானது, ஆனால் ஒரு குறித்த மீடிறனில் மணிபோல் ஒலிக்கும். பட்டுத் துணியாலான ருவீற்றர் மென்மைக்குப் பெயர்போனது. 1979இற் பிரான்சிற் தோன்றிய போக்கல் நிறுவனம் தன் உயர்ந்த வரிசையிற் பெரிலியம் என்னும் உலோகத்தைக் கையாள்கின்றது. அது அலுமினியத்திலும் எடை குறைந்தது. விறைப்பிற் பன்மடங்கு மேம்பட்டது. ஆயினும் அதன் தூள் நுரையீரலுக்கு நஞ்சாதலின், உடைந்த பெரிலியம் ருவீற்றரைக் கையாலே துடைத்தலும் ஊதுதலும் ஆகா.

காந்தத்திலும் மாற்றம் நிகழ்ந்தது. 1980களின் முற்பகுதியில் ஜப்பானில் மசாத்தோ சகாவாவும், அமெரிக்காவில் ஜெனரல் மோட்டர்ஸ் ஆய்வாளரும் தனித்தனியே நியோடிமியக் காந்தத்தை ஆக்கினர். அதனாற் சிறிய இடத்திற் பெரிய காந்தவிசை கிட்டியது. மெல்லிய கதவுக்கு இது பெரும்பேறு. ஆயின் அதன் சாதாரண வகை 80 பாகைக்கு மேற் சூடேறின் வலிமை இழக்கத் தொடங்கும். நண்பகலில் பூட்டிக் கிடக்கும் வண்டியில், கண்ணாடியின் கீழ்த் தட்டு எத்துணைச் சூடாகும் என்பதைத் தொட்டறிந்தோர் இதனை மறவார்.

இங்ஙனம் ஆக்கிய ஒலிபெருக்கியை எதிரொலியற்ற அறையில் வைத்து அளப்பர். கூம்பின் எப்பகுதி எவ்வாறு நெளிகின்றது என்பதை லேசர்க் கதிரால் ஆராய்வர். சூட்டிலும் ஈரத்திலும் நெடுநேரம் இயக்கிச் சோதிப்பர். ஈற்றில் மக்கள் செவியால் கேட்பர்.

அளவுகளாற் பயன் என்ன என்பதை ஓர் எளிய கணக்காற் காண்போம். ஒரு சப்வூபரின் பரிவு மீடிறன் 30 ஹேட்ஸ், மொத்தத் தரக்காரணி 0.5, அதன் தொங்கலின் நெகிழ்வுக்கு ஈடான காற்றின் கனவளவு 30 இலீற்றர் எனக் கொள்க. அதனை 30 இலீற்றர் மூடிய பெட்டியில் வைப்பின், 30ஐ 30ஆற் பிரிக்க 1. அதனோடு 1 கூட்ட 2. 2இன் வர்க்கமூலம் 1.41. இதனால் இரண்டு எண்களையும் பெருக்க, தரக்காரணி ஏறக்குறைய 0.71 ஆகவும், பரிவு 42 ஹேட்ஸ் ஆகவும் உயரும். 0.71 என்பது தாழொலி வீங்காதும் மெலியாதும் நிற்கும் நிலையாம். அதே சப்வூபரை 10 இலீற்றர்ப் பெட்டியில் அடைப்பின் தரக்காரணி 1 ஆகும். ஒலி முழங்கும், தெளிவு குன்றும். பெட்டியைச் சிறிதாக்கி இடம் மிச்சம்பிடிக்க விழைவோர் இழப்பது யாதென இக்கணக்குக் காட்டும்.

வண்டி என்னும் பத்தர்

விபுலாநந்த அடிகள் 1947இல் வெளியான யாழ்நூலில் பழந்தமிழர் யாழின் உறுப்புக்களை ஆராய்ந்தார். நரம்பு எத்துணைச் சிறந்ததாயினும் பத்தர் பழுதாயின் யாழ் இன்னிசை தராது. ஒலிபெருக்கி நரம்பாயின் வண்டியே பத்தராகும். அப்பத்தரோ இசைக்கென ஆக்கப்பட்டதன்று.

வீட்டு அறையோடு ஒப்பிடின் வண்டியின் உள்ளிடம் மிகச் சிறிது. கண்ணாடி ஒலியைத் தெறிக்கச் செய்யும். இருக்கையும் கம்பளமும் ஒலியை விழுங்கும். கேட்பவர் நடுவில் அமர்வதில்லை. கதவு வூபர் காலை நோக்கிப் பாடும். இத்தனை குறைக்கும் ஈடாக ஒரு நன்மையும் உண்டு. ஒலியின் அலைநீளம் வண்டியின் நீளத்தினும் மிகப் பெரிதாகும்போது, ஏறக்குறைய 60, 70 ஹேட்ஸுக்குக் கீழே, உள்ளிருக்கும் காற்று முழுவதும் ஒருங்கே அழுந்தும். அதனால் தாழொலி தானே வலுப்பெறும். வீட்டிற் பெரிய பெட்டி தரும் தாழொலியை வண்டியிற் சிறிய பெட்டி தருவது இதனாலாம்.

கதவைத் திருத்துதல்

கூம்பு முன்னே காற்றைத் தள்ளும்போது பின்னே காற்றை இழுக்கும். முன்னலையும் பின்னலையும் ஒன்றையொன்று சந்திப்பின் தாழொலி அழிந்துபோகும். பெரும்பாலான வண்டிக் கதவுகளின் உட்தகட்டிற் பெரிய துளைகள் உள. அவற்றை மெல்லிய பிளாத்திக்குத் தாளே மூடியிருக்கும். பன்மடங்கு விலை கொடுத்து வாங்கிய வூபரை அத்துளைக் கதவில் அப்படியே பூட்டுவோர், ஓட்டைப் பானையில் நீர் வார்ப்போரை ஒப்பர்.

ஆகவே செய்யவேண்டிய பணிகளை முறைப்படுத்துவோம். முதலிற் கண்ணாடியை முற்றக் கீழிறக்கி, வூபரின் ஆழம் அதற்குத் தடையாகாமையை அளந்து காண்க. அடுத்து வெளித்தகட்டின் நடுப்பகுதியில் அலுமினியம் போர்த்த பியூற்றைல் இரப்பர்த் தாளை அழுத்தி ஒட்டுக. அது தகட்டின் அதிர்வை வெப்பமாக மாற்றி அடக்கும். பின்னர் உட்தகட்டின் துளைகளை உறுதியான தகட்டால் மூடுக; பூட்டுக் கம்பிகள் அசைய இடம் விடுக. வூபருக்கும் கதவுக்கும் இடையே கெட்டியான வளையம் வேண்டும். மழைநீர் கதவினுள் இறங்குவது இயல்பாதலின், ஈரத்தில் ஊதும் அமுக்குப் பலகையினும் கனமான பிளாத்திக்கு அல்லது அலுமினிய வளையம் நன்று. கதவின் அடியிலுள்ள நீர் வடியும் துளைகளை எக்காரணங்கொண்டும் அடைத்தல் கூடாது. அடைப்பின் கதவு துருப்பிடிக்கும்.

ருவீற்றரை முன்கண்ணாடியின் ஓரத் தூணிற் பொருத்துவோர், அத்தூணினுட் காற்றுப்பை மடிந்திருத்தலை முன்னரே அறிதல் வேண்டும். விபத்து நேர்கையில் அப்பை விரியும் வழியில் ஆணியோ பெட்டியோ நிற்றல் உயிர்க்கு இறுதியாம்.

மின்னூட்டம்

ஜப்பானின் பண்பலை வானொலி 76 மெகாஹேட்ஸிலிருந்து தொடங்குவது. நம் நாட்டிலோ அது 88 முதல் 108 வரை. அதனால் அங்கிருந்து வந்த பழைய வண்டிகளின் றேடியோவை மாற்றுவோர் பலர். புதிய செற்றின் பெட்டியில் 50 வாற்று வீதம் நான்கு என அச்சிட்டிருக்கக் கண்டு மகிழ்வர். இதனைக் கணக்கிட்டுப் பார்ப்போம். ஓடும் வண்டியின் மின்னழுத்தம் அதிகமாகக் கொண்டால் 14.4 வோல்ற்று, ஒலிபெருக்கியின் தடை 4 ஓம். 14.4ஐ வர்க்கித்து 4ஆற் பிரிக்க 51.8 வாற்று வரும். இது கணப்பொழுது உச்சம். தூய ஒலிக்குரிய தொடர்வலு இதிற் பாதி. அஃதாவது 26 வாற்றுக்கும் உட்பட்டது. அச்சிட்ட எண் பொய்யன்று. ஆயினும் வாங்குவோன் கருதிய பொருள் அதற்கு இல்லை.

இதற்கு மேல் வேண்டின், மின்னழுத்தத்தை உயர்த்தும் சுற்றுடைய தனி அம்பிளிபயர் வேண்டும். அது 400 வாற்று வெளிவிட, நூற்றுக்கு எண்பது திறனுடையதாயின், 500 வாற்று உட்கொள்ளும், 13.8 வோல்ற்றில் அது 36 அம்பியர். மெல்லிய வயர் இதனைத் தாங்காது சூடேறித் தீப்பற்றும். ஆதலின் தகுந்த பருமனுள்ள செப்பு வயரும், பற்றரியிலிருந்து 45 சதமமீற்றருக்குள் பியூஸ் என வழங்கும் உருகியும் இன்றியமையாதன. வயர் தகட்டினூடு செல்லுமிடத்தில் இரப்பர் வளையம் இடுக. புவியிணைப்பைப் பூச்சுச் சுரண்டிய தகட்டில் இறுகப் பூட்டுக. கடற்காற்று வீசும் ஊர்களில் முனைகள் பச்சை பூத்துக் கெடுமாதலின் ஆண்டுதோறும் அவற்றைப் பார்வையிடுக.

ஹைபிரிட் வண்டியில் ஒரு தனி எச்சரிக்கை. அதன் சிறிய 12 வோல்ற்றுப் பற்றரிக்கு மின் ஊட்டுவது பெரிய பற்றரியிலிருந்து மின்மாற்றும் கருவியாம். அதன் தாங்குதிறனைக் கடந்து சுமை ஏற்றலாகாது. செம்மஞ்சள் உறையிட்ட வயர்களிற் பாய்வது உயிர்கொல்லும் மின்னழுத்தம். அவற்றின் அருகே துளையிடுதலும் ஆகாது.

இணைப்புச் சரியோ எனக் காண 1.5 வோல்ற்று உலர்கலம் ஒன்று போதும். வூபரின் நேர்முனையை நேருக்கும் எதிர்முனையை எதிருக்கும் கணப்பொழுது தொடுக. கூம்பு வெளியே வருமாயின் இணைப்புச் சரி. ஒரு கதவு வெளியேயும் மறு கதவு உள்ளேயும் அசையுமாயின் தாழொலி தேய்ந்து மறையும். இச்சோதனையை ருவீற்றருக்குச் செய்தல் வேண்டா. மெல்லிய சுருள் கெடும்.

காலமும் திசையும்

நம் நாட்டில் ஓட்டுநர் வலப்பக்கம் அமர்வர். வலக் கதவு வூபர் அவர் செவிக்கு 90 சதமமீற்றர் தொலைவிலும், இடக் கதவு வூபர் 140 சதமமீற்றர் தொலைவிலும் உள்ளன எனக் கொள்வோம். வேறுபாடு 50 சதமமீற்றர். ஒலி அதனைக் கடக்க ஏறக்குறைய 1.4 மில்லிசெக்கன் செல்லும். இச்சிறு பொழுதாற் கேடு என்னை எனின், செவி முந்தி வந்த ஒலியின் திசையையே பற்றிக்கொள்ளும் என்பதை ஜேர்மனியரான ஹெல்மூட் ஹாஸ் 1949இல் தம் ஆய்விற் காட்டினார். ஆகவே பாடகர் வலக் கதவினுள் ஒளிந்து பாடுவார்போலத் தோன்றும்.

டிஜிற்றல் ஒலிச் செயலி என்னும் கருவி இதனைத் தீர்க்கும். அருகிலுள்ள ஒலிபெருக்கியை 1.4 மில்லிசெக்கன் தாழ்த்திப் பாடுமாறு பணிப்பின், இருபுறத்து ஒலியும் ஒருங்கே செவியை அடையும். பாடகர் முன்கண்ணாடியின் நடுவே வந்தமர்வார். தொழிற் பகுப்பையும் இக்கருவியே செய்யும். சப்வூபருக்கு 80 ஹேட்ஸ் வரை, கதவு வூபருக்கு 80 முதல் 2,500 வரை, ருவீற்றருக்கு அதற்கு மேல் எனத் தொடங்குதல் நன்று. கூம்பின் விட்டத்துக்கு அலைநீளம் ஒப்பாகும்போது ஒலி விரியாமல் நேரே மட்டும் பாயத் தொடங்கும். 16.5 சதமமீற்றர் வூபரின் அசையும் பகுதி 13 சதமமீற்றர் அளவாதலின், அது நிகழ்வது 2,700 ஹேட்ஸ் அளவில். காலை நோக்கியிருக்கும் வூபரை அதற்கு மேற் பாடவிடாமைக்கு இதுவே நியாயம்.

செவியின் தீர்ப்பு

அளவைகள் முடிந்தபின் செவியாற் கேட்டுத் தேர்தல் வேண்டும். அதற்கு நம் மண்ணிலேயே உரைகல் உண்டு. 1975இல் மறைந்த தவில் மேதை தெட்சணாமூர்த்தியின் பதிவொன்றைக் கேட்பிக்க. கூடிட்ட விரல்கள் வலந்தலையில் எழுப்பும் சொற்கள் ஒவ்வொன்றும் தனித்தனி விளங்கினால் ருவீற்றர் நன்று. கழி தொப்பியிற் பட்ட அடி, பட்டவுடன் தொடங்கி உடனே அடங்கினாற் கதவு நன்று. அடி அடங்கியபின்னும் முழக்கம் நீளுமாயின், அங்கே ஒலிப்பது தவிலன்று, கதவென்க. நாதசுரம் காதைக் குத்துமாயின் 2,000 முதல் 4,000 ஹேட்ஸ் வரையான பகுதியைச் சிறிது தாழ்த்துக. குறைந்த பகுதியை ஏற்றுவதினும் மிகுந்த பகுதியைத் தாழ்த்துதலே பாதுகாப்பு.

செவியைக் காத்தலும் இதனோடு சேர்ந்தது. அமெரிக்கத் தொழிற் சுகாதார நிறுவகத்தின் விதிப்படி 85 டெசிபெல் ஒலியை நாளொன்றுக்கு 8 மணி நேரம் தாங்கலாம். ஒவ்வொரு 3 டெசிபெல் உயர்வுக்கும் அந்நேரம் பாதியாகும். 88க்கு 4 மணி, 91க்கு 2 மணி, 94க்கு 1 மணி, 100க்குக் கால் மணியே. வலுவை இருமடங்காக்கினும் உயர்வது 3 டெசிபெல்தான். செவிக்கு அது சிறு மாற்றமாகவே தோன்றும், தீங்கோ இரட்டிக்கும். உட்செவியின் நுண்மயிர்க் கலங்கள் அழியின் மீண்டும் முளையா. தெரு அதிரப் பாட்டு வைத்துச் செல்லும் இளைஞன் பிறர்க்குச் செய்யும் தொல்லை அன்றே முடியும். தனக்குச் செய்யும் கேடு முதுமைவரை நிற்கும்.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றைத் தொகுத்து நோக்கின், நல்லொலியின் பாதி ஒலிபெருக்கியினிடத்தும் மற்றைப் பாதி அது வாழும் இடத்தும் உளதாதல் விளங்கும். நடுத்தர விலையுள்ள வூபர் திருத்திய கதவில் இருப்பின், துளைக் கதவிலுள்ள உயர்விலை வூபரை எளிதில் வெல்லும். ஆதலின் வாங்க எண்ணுவோர் தம் பணத்தில் ஒரு பங்கைக் கதவுக்கும் வயருக்கும் ஒதுக்கியபின் எஞ்சியதைக் கொண்டு ஒலிபெருக்கியைத் தெரிக. வெளிநாட்டிலிருந்து அனுப்புவோர், பெட்டியோடு அதன் விவரத்தாளையும் அனுப்புக. பூட்டுவோன் கைக்குப் பெட்டியினும் அத்தாளே பெருந்துணையாம்.

மாணவர்க்கு ஒன்று கூறி அமைகின்றோம். பௌதிக வகுப்பிற் கற்ற அலைநீளமும், கணித வகுப்பிற் கற்ற வர்க்கமூலமும், தமிழ் வகுப்பிற் கற்ற பிறப்பியலும் ஒரு வண்டிக் கதவினுள்ளே ஒருங்கு கூடுதலைக் கண்டீர்கள். கதவைத் திறந்து, அளந்து, கணக்கிட்டு, பின்னர்ப் பூட்டுகின்றவன் கற்றவனாவான். அத்தகைய கையும் கருத்தும் உடையோர் நம் கல்லூரியினின்றும் பலராய்த் தோன்றுக. கல்லூரி அன்னை பல்லாண்டு வாழ்க.